காற்றை நம்பிய சக்கரம்

சென்ற ஆண்டு ஆடித்தபசுக்கு என் தங்கையின் பேரன் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தான். கோயம்புத்தூரில் பொறியியற் கல்லூரியில் பயில்பவன். வந்தவன் வெறுங்கையோடு வரவில்லை. மெல்லிய சக்கரங்களையுடைய பந்தயச் சைக்கிள் ஒன்றையும் இரயிலில் ஏற்றிக் கொண்டு வந்தான். தெற்கு ரத வீதியில் அதை உருட்டி வந்தபோது சிறுவர் கூட்டம் ஒன்று பின்தொடர்ந்தது. வீட்டுத் திண்ணையில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு அவன் என்னிடம் கேட்டான்: “தாத்தா, இதற்கு டியூப் இல்லாத டயர் போடலாம் என்று இருக்கிறேன். கடையில் நான்கு வகை காட்டுகிறார்கள். எது வேகமாக ஓடும்? எது நாள்பட உழைக்கும்? எது என் சக்கரத்துக்குச் சரியாகப் பொருந்தும்?”

கணக்கு ஆசிரியனாகத் தொழில் தொடங்கித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். சைக்கிள் டயரைப் பற்றி என்னிடம் கேட்கலாமா என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அவன் கேட்ட மூன்று கேள்விகளும் புதியவை அல்ல. வேகம், உழைப்பு, பொருத்தம் என்னும் இம்மூன்றும் டயர் பிறந்த நாள் முதல் மனிதர் கேட்டு வந்த கேள்விகள். டயரின் வரலாறு முழுவதும் இக்கேள்விகளுக்கு அவ்வப்போது கிடைத்த விடைகளின் வரலாறே ஆகும். மூன்றாவது கேள்விக்கு நானும் ஒருமுறை தவறான விடை அளித்திருக்கிறேன். அதனையும் மறைக்காமல் இறுதியில் கூறுவேன்.

சக்கரம் மிகப் பழமையானது. ஆனால் சக்கரத்தைச் சுற்றிக் காற்றை அடைக்கும் எண்ணம் தோன்றி இரு நூற்றாண்டுகள் கூட நிறையவில்லை. நம் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை கட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பட்டையை நெருப்பில் காய்ச்சிப் பெருக்கச் செய்து, மரச் சக்கரத்தின் மேல் ஏற்றி, உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். குளிர்ந்த இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். உழைப்பிலும் பொருத்தத்திலும் அதற்கு நிகர் இல்லை. ஆனால் அமர்ந்திருப்பவரின் எலும்புக்கு அது இரக்கம் காட்டுவதில்லை. 1860களில் ஐரோப்பாவில் ஓடிய முதல் மிதிவண்டிகளுக்கும் இரும்புப் பட்டையே இருந்தது. அவ்வண்டிகளை எலும்பு குலுக்கி என்றே மக்கள் அழைத்தனர்.

இரும்புக்குப் பதிலாக ரப்பர் வருவதற்கு ஒரு தடை இருந்தது. மரத்துப் பாலைக் காய்ச்சி எடுத்த ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் ரப்பரோடு கந்தகத்தைக் கலந்து சூடேற்றினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். 1844இல் அதற்கு அமெரிக்க அரசின் காப்புரிமை பெற்றார். இதன் பின்னரே ரப்பர் சக்கரத்தில் ஏறத் தகுதி பெற்றது.

அடுத்த ஆண்டே, 1845இல், இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது அவருக்கு வயது 23. ரப்பர் பூசிய துணிக்குழாயில் காற்றை அடைத்து, அதற்கு மேல் தோலுறை இட்டுச் சக்கரத்தில் பூட்டினார். 1847இல் இலண்டன் பூங்கா ஒன்றில் குதிரைவண்டியில் அதைப் பூட்டி ஓட்டியும் காட்டினார். வண்டி ஓசையின்றி ஓடிற்று. குதிரைக்கும் இழுப்பு எளிதாயிற்று. ஆயினும் அதை வாங்குவார் இல்லை. மென்மையான ரப்பருக்கு விலை மிகுதி. அதைத் தேவை என்று கருதும் வண்டியும் அன்று இல்லை. மிதிவண்டி பெருகியிராத காலம் அது. கருவி பிறந்துவிட்டது, அதன் காலம் பிறக்கவில்லை. தாம்சனின் டயரை உலகம் மறந்தது.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் இருந்தார். அவருடைய சிறு மகன் மூன்று சக்கர வண்டி ஒன்று வைத்திருந்தான். அதன் கெட்டி ரப்பர்ச் சக்கரங்கள் கல் பாவிய தெருவில் அவனைக் குலுக்கி எடுத்தன. தந்தை 1887இன் பிற்பகுதியில் ஒரு மரவட்டைச் சுற்றி மெல்லிய ரப்பர்க் குழாயைப் பொருத்தி, காற்றடித்து, துணியால் கட்டினார். பிறகு அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். மகனுடைய வண்டியின் கெட்டி ரப்பர்ச் சக்கரத்தையும், தாம் செய்த காற்றுச் சக்கரத்தையும் வீட்டு முற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிவிட்டார். கெட்டிச் சக்கரம் சிறிது தூரம் ஓடிச் சாய்ந்தது. காற்றுச் சக்கரம் முற்றம் முழுவதும் ஓடி, எதிரே இருந்த கதவில் மோதியது.

மாணவச் செல்வங்களே, டயரையும் டயரையும் ஒப்பிட்டு நடந்த சோதனைகளுள் இதைப் போல எளியது வேறில்லை. ஆராய்ச்சிக்கூடம் இல்லை, அளவு கருவி இல்லை. ஒரு தந்தை, ஒரு முற்றம், இரண்டு சக்கரங்கள். ஒரே கை, ஒரே தரை. அறிவியற் சோதனைக்கு வேண்டிய அடிப்படை நெறி அதில் அடங்கியிருக்கிறது.

காற்றுச் சக்கரம் ஏன் அதிக தூரம் ஓடிற்று? சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் பகுதி ஒவ்வொரு நொடியும் நசுங்குகிறது, விடுபட்டதும் மீள்கிறது. நசுக்கச் செலவிட்ட ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக்கி விழுங்கிவிடுகிறது. காற்றோ, நசுக்கியதை ஏறக்குறைய அப்படியே திருப்பித் தரும் நேர்மை உடையது. மேலும், கல் ஒன்று குறுக்கிட்டால் கெட்டிச் சக்கரம் வண்டி முழுவதையும் தூக்கிப் போடுகிறது. காற்று டயர் கல்லைத் தன்னுள் ஏற்று விழுங்கிக்கொண்டு மேலே செல்கிறது. மேலும் கீழும் வீணாகும் உழைப்பு முன்னோக்கிச் செல்லப் பயன்படுகிறது.

1889 மே மாதத்தில் பெல்பாஸ்ட் கல்லூரிப் பந்தயத்தில் வில்லியம் ஹியூம் என்னும் வீரர் இந்த டயரைப் பூட்டிக் கலந்துகொண்டார். பருத்த சக்கரத்தைக் கண்டு கூட்டம் சிரித்தது. அவர் ஓடிய நான்கு பந்தயங்களிலும் வென்றதும் சிரிப்பு அடங்கியது. முதற் கேள்வியாகிய வேகத்துக்கு விடை கிடைத்துவிட்டது. பின்னர் 1890இல் தாம்சனின் பழைய காப்புரிமை வெளிப்பட்டு, டன்லப்பின் உரிமை செல்லாதாயிற்று. டன்லப் வேறொருவர் எண்ணத்தைக் களவாடியவர் அல்லர். தாம்சனை அவர் அறிந்திருக்கவில்லை. ஒரே உண்மையை இருவர் தனித்தனியே கண்டனர் என்பதே சரி.

இனி இரண்டாம் கேள்வி. டன்லப்பின் டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. முள் தைத்தால் துணியைப் பிரித்து, ஓட்டையை அடைத்து, மறுபடியும் ஒட்டி உலர வைக்க வேண்டும். பிரான்சு நாட்டின் கிளேர்மோன் பெரான் நகரில் ரப்பர்த் தொழிற்சாலை நடத்திய மிஷலின் சகோதரர்களிடம் ஒரு நாள் ஒருவர் இத்தகைய டயரோடு வந்து நின்றார். பழுது பார்க்கப் பல மணி நேரமும், உலர ஓர் இரவும் தேவைப்பட்டன. மறுநாள் அது மீண்டும் இறங்கிவிட்டது. ஆயினும் அதில் ஏறிச் சற்றே ஓட்டிப் பார்த்த எத்வார் மிஷலின், இதில்தான் எதிர்காலம் இருக்கிறது, ஆனால் எவரும் எளிதில் கழற்றிப் பூட்டும்படி இருக்க வேண்டும் என்று தெளிந்தார்.

1891இல் கழற்றக்கூடிய டயருக்கு மிஷலின் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டு செப்டம்பரில் பாரிசிலிருந்து பிரெஸ்ட் சென்று மீண்டும் பாரிசு திரும்பும் பெரும்பந்தயம் நடந்தது. தொலைவு ஏறத்தாழ 1200 கிலோமீட்டர். மிஷலின் டயரில் ஓடிய ஷார்ல் தெரோன் 72 மணி நேரத்துக்கும் குறைவாக, உறங்காமல் ஓடி முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டு அச்சகோதரர்களே பாரிசிலிருந்து தம் ஊருக்கு ஒரு பந்தயம் நடத்தி, வழியில் ஆணிகளைத் தூவி வைத்தார்கள் என்பது புகழ்பெற்ற செய்தி. டயர் கிழியாது என்று காட்டுவது அவர்கள் நோக்கம் அன்று; கிழிந்தாலும் விரைவில் சரி செய்யலாம் என்று காட்டுவதே நோக்கம். உழைப்பு என்பது பழுதாகாமை மட்டும் அன்று. பழுதை எளிதில் நீக்கிக் கொள்ளும் தன்மையும் உழைப்பே என்னும் பாடத்தை அந்த ஆணிகள் உலகுக்குக் கற்பித்தன.

இதே காலத்தில் கரையில் கம்பி வைத்த டயரும் வந்தது. 1890இல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. டயரின் இரு கரைகளிலும் நீளாத கம்பி வளையம்; உள்ளே தனி டியூப்; சக்கர ரிம்மின் நடுவே பள்ளம். டயரின் ஒரு பக்கத்தைப் பள்ளத்தில் இறக்கினால் மறுபக்கம் ரிம்மைத் தாண்டி ஏறிவிடும். காற்றடித்ததும் கம்பி தன் இடத்தில் இறுகி நிற்கும். நம் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் இன்றும் செய்வது இதனையே.

அந்தக் கடையை நீங்கள் கூர்ந்து பார்த்ததுண்டா? நான் சிறுவனாக இருந்தபோது பள்ளி விட்டதும் எங்களுக்கு அதுவே காட்சிச்சாலை. வாடகைச் சைக்கிளை மணிக்கணக்கில் எடுத்து, குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறை எங்களுடையது. டயர் வாருகோல்கள் இரண்டால் டயரைப் பெயர்த்து, டியூபை உருவி, காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துவார்கள். குமிழி வரும் இடத்தில் ஓட்டை. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி உலர்த்தி, ஒட்டை வைத்து அழுத்துவார்கள். காற்று இறங்கியும் தொட்டியில் குமிழி வரவில்லையென்றால் குற்றவாளி வால்டியூப் என்று நாங்களே தீர்ப்புச் சொல்வோம். வால்வின் தண்டில் மாட்டும் அச்சிறு ரப்பர்க் குழல் சில காசுக்குக் கிடைத்தது. ஓடித் தேய்ந்த டயரும் வீணாவதில்லை. சிறுவர் கையில் குச்சியால் தட்டி ஓட்டும் வண்டியாகி, மறு பிறவி எடுக்கும்.

நம் நாட்டுக்குச் சைக்கிள் முதலில் இறக்குமதியாகவே வந்தது. பர்மிங்காமிலும் நாட்டிங்காமிலும் செய்த வண்டிகள் கப்பலேறி வந்தன. இந்தியாவிலேயே டயர் செய்யும் ஆலையை டன்லப் நிறுவனம் 1936இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் தொடங்கியது. நாடு விடுதலை பெற்றபின் 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை அமைத்தன. சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்கள் உருவாயின. பின்னர் அம்பத்தூரிலேயே ஒரு டயர் ஆலையும் எழுந்தது.

ரப்பரின் பயணம் இதைவிட வியப்பானது. 1876இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவற்றுள் பெரும்பகுதி அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்து கீழை நாடுகளில் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. மலேயாவிலும் இலங்கையிலும் அத்தோட்டங்களில் பால் வடித்தவர்களுள் தமிழர் மிகப் பலர். ஐரோப்பியப் பந்தய வீரர் பெற்ற வேகத்தில், விடியுமுன் எழுந்து மரத்தைக் கீறிய நம்மவர் உழைப்பும் கலந்திருக்கிறது. இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரத்தில் ரப்பர்த் தோட்டங்களைக் காணலாம்.

சரி, டியூப் இல்லாத டயருக்கு வருவோம். டியூபே வேண்டாம், டயரும் ரிம்மும் சேர்ந்து காற்றைக் காக்கட்டும் என்னும் எண்ணம் முதலில் மோட்டார் வண்டிக்கு வந்தது. அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம் 1947இல் இத்தகைய டயரை அறிவித்தது. அதை உருவாக்கிய பிராங்க் ஹெர்செக் 1952இல் காப்புரிமை பெற்றார். சைக்கிளுக்கு அது வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. காரணம் எளியது. சைக்கிள் ரிம்மில் போக்ஸ் கம்பிகளுக்காகப் பல துளைகள் உண்டு. ஒவ்வொன்றும் காற்றுக்கு ஒரு வாசல். சக்கரம் ஒடுக்கமானது, அதனுள் அழுத்தமோ காரினும் மிகுதி. 1999இல் மலைப்பாதைச் சைக்கிளுக்கும், 2006இல் சாலைச் சைக்கிளுக்கும் பிரெஞ்சு நிறுவனங்களின் முயற்சியால் இவ்வகை டயர் கடைக்கு வந்தது. சாலை டயரில் ஜப்பானிய நிறுவனம் ஒன்றும் துணை நின்றது.

இதில் என்ன நன்மை? முதலாவது வேகம். டியூப் உள்ள டயரில் டயரும் நசுங்குகிறது. அதனுள் டியூபும் நசுங்குகிறது. இரண்டு ரப்பர்கள் ஆற்றலை விழுங்குகின்றன. டியூபை நீக்கினால் ஒரு செலவு குறைகிறது. இரண்டாவது, குறைந்த அழுத்தத்தில் ஓடலாம். டியூப் உள்ள டயரில் காற்றைக் குறைத்தால், கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் அகப்பட்டு, பாம்பு கடித்தாற்போல் இரண்டு துளைகள் விழும். டியூப் இல்லையேல் அந்தக் கடியும் இல்லை.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையும் வீழ்ந்தது. ஒடுங்கிய டயரே வேகமானது என்று பந்தய உலகம் நெடுங்காலம் கருதிற்று. 23 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரில் கல்லைப்போல் காற்றடித்து ஓடினார்கள். ஒரே அழுத்தத்தில் அகன்ற டயர் குறைவாகவே நசுங்கும். கரடான சாலையில் குறைந்த அழுத்தமே ஓடுபவரைக் குலுக்காமல் முன்னே செலுத்தும் என்று சோதனைகள் காட்டின. இன்று 28, 30 மில்லிமீட்டர் அகல டயர்களில் பந்தயம் ஓடுகிறார்கள். நம் தபால்காரர் ஓட்டிய பழைய சைக்கிளின் டயர் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். அது மெதுவாக ஓடியதற்கு அகலம் காரணம் அன்று. தடித்த ரப்பரும் முரட்டு நூலுமே காரணம். அந்தத் தடிப்பே அதற்கு நீண்ட ஆயுளையும் கொடுத்தது. வேகத்துக்காக மெலிந்த டயர் விரைவில் தேயும். உழைப்புக்காகத் தடித்த டயர் மெல்லச் செல்லும். இரண்டையும் ஒருசேரத் தருகிறோம் என்று விளம்பரம் சொல்லலாம். ரப்பர் அவ்வாறு சொல்வதில்லை.

உழைப்பில் டியூப் இல்லாத டயருக்குத் துணை நிற்பது அதனுள் ஊற்றும் பால். பெரும்பாலும் ரப்பர்ப் பாலில் நுண்துகள்கள் கலந்தது அது. முள் தைத்துக் காற்று வெளியேறும்போது பாலும் துளைக்கு விரைந்து, அங்கே உறைந்து அடைத்துவிடுகிறது. எருக்கிலையைக் கிள்ளினால் பால் வடிந்து, சற்று நேரத்தில் உறைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும் வழி அது. அதையே மனிதன் டயருக்குள் அமைத்தான். நம் கரிசல் காட்டில் நெருஞ்சியும் சீமைக் கருவேல முள்ளும் சைக்கிளுக்குப் பகை. நெருஞ்சி அமெரிக்காவுக்கும் சென்று பரவியிருக்கிறது. அங்கே அதற்குப் பஞ்சர்க்கொடி என்றே பெயர்! அமெரிக்கக் கண்டத்துச் சீமைக் கருவேலமோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே வந்தது. முள்ளுக்கு முள் பண்டமாற்று நடந்திருக்கிறது. ஆனால் இந்தப் பால் என்றும் பாலாக இராது. சில மாதங்களில் வற்றும். நம் வெயிலில் இன்னும் விரைவில் வற்றும். மறவாமல் புதுப்பிக்க வேண்டும். பெரிய கிழிசலை அது அடைக்காது.

இனி மூன்றாம் கேள்வி, பொருத்தம். இங்கேதான் என் கதை வருகிறது.

1990களின் தொடக்கம். நான் அப்போது உதவி ஆசிரியன். அரையாண்டுத் தேர்வில் கணக்குத் தாள் நடந்துகொண்டிருந்தது. அரை மணிக்குப் பின் வருவோரை அனுமதிப்பதில்லை என்பது விதி. கரிசல் காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து நாள்தோறும் பத்துக் கிலோமீட்டர் சைக்கிளில் வரும் மாணவன் ஒருவன், நாற்பது நிமிடம் கழித்து, புழுதி படிந்த முகத்தோடு வந்து நின்றான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான். “சார், புது டயரு ரிம்முல நிக்க மாட்டேங்குது. இருபத்தாறுக்கு இருபத்தாறுதான் சார் வாங்குனோம்” என்றான். அளவு சரியென்றால் டயர் எப்படி நிற்காமல் போகும்? இது சாக்குப்போக்கு என்று முடிவு கட்டினேன். வெளியே நிற்கச் சொன்னேன். மூன்று மணி நேரம் அவன் வேப்பமரத்தடியில் நின்றான்.

மாலையில் கடைத்தெரு வழியே சென்றபோது சைக்கிள் கடையில் அவனைக் கண்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே விளக்கினார். அவன் தந்தை சந்தையில் வாங்கிய டயர் 26 பெருக்கல் 1⅜. அவன் சக்கரம் 26 பெருக்கல் 1½. இரண்டும் இருபத்தாறே, ஆனால் இருபத்தாறு என்பது காற்றடித்த டயரின் வெளி விட்டத்தைக் குறிக்கும் பழைய பெயரளவு மட்டுமே. டயர் அமரும் இடத்தின் விட்டம் முன்னதற்கு 590 மில்லிமீட்டர், பின்னதற்கு 584. ஆறு மில்லிமீட்டர் வேறுபாடு. விட்டத்தை 3.14ஆல் பெருக்கினால் சுற்றளவில் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் தளர்ச்சி. காற்றடித்ததும் டயர் ரிம்மை விட்டு எழும்பும். டியூப் பிதுங்கி வெடிக்கும். அவன் சொன்னதில் பொய் ஒரு சொல்லும் இல்லை.

வட்டத்தின் சுற்றளவை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். அந்தச் சூத்திரம் வாசலில் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. மறுநாள் தலைமையாசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அவனுக்குத் தனியே தேர்வு வைக்க இசைந்தார். அவன் எழுதினான், நல்ல மதிப்பெண்ணும் பெற்றான். நான் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். “பரவால்ல சார்” என்றான். அந்தச் சொல் இன்றும் எனக்கு உறுத்துகிறது. அடுத்த ஆண்டு முதல், வட்டப் பாடத்தன்று கடையிலிருந்து இரண்டு பழைய ரிம்களை இரவல் வாங்கி வந்து மேசைமேல் வைத்தே பாடம் தொடங்கினேன்.

அளவுப் பெயர்களின் இந்தக் குழப்பம் எங்கள் ஊர்க் குழப்பம் மட்டும் அன்று. ஒவ்வொரு நாடும் தன் வழியில் பெயரிட்டதால் உலகமெங்கும் விளைந்தது. அதனால்தான் ஐரோப்பிய டயர் ரிம் தொழில்நுட்ப அமைப்பு அமரும் விட்டத்தையே மில்லிமீட்டரில் குறிக்கும் முறையை வகுத்தது. அதுவே பின்னர் அனைத்துலகத் தரம் 5775 ஆயிற்று. இந்தியத் தரத்தில் சைக்கிள் டயருக்கு உரிய எண் 2414. டயரின் பக்கவாட்டில் 40-635 என்று இருந்தால், அகலம் 40, அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர். அது நம் பழைய இருபத்தெட்டு அங்குலச் சைக்கிள். பந்தயச் சைக்கிளின் விட்டம் 622. இதையும் சிலர் இருபத்தெட்டு என்பார்கள்! வேறுபாடு 13 மில்லிமீட்டர். ஒன்று மற்றொன்றில் ஒருக்காலும் பொருந்தாது.

டியூப் இல்லாத டயரில் பொருத்தம் உயிர்ப் பிரச்சினை. காற்றைக் காப்பதே டயர்க்கரையும் ரிம்மும் சேரும் அந்த ஒரு கோடுதான். புதுவகை ரிம்கள் சிலவற்றில் டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பும் இல்லை. அவற்றுக்கு அழுத்தம் 5 பார், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 73 பவுண்டைத் தாண்டலாகாது. 2024 பிப்ரவரியில் அரபு நாட்டுப் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டெ ஹென்டின் டயர் இத்தகைய ரிம்மிலிருந்து கழன்று, அவர் கீழே விழுந்தார். கல்லில் மோதியதே காரணம் என்றனர் சிலர். பொருத்தமே காரணம் என்றனர் வேறு சிலர். உள்ளகலம் 25 மில்லிமீட்டர் உள்ள அந்த ரிம்மில் இருந்தது 28 மில்லிமீட்டர் டயர். புதிய தரப் பரிந்துரையோ 29 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்றது. ஒரு மில்லிமீட்டரைப் பற்றி உலகம் வாதிட்டது. ஆறு மில்லிமீட்டரை நம்ப மறுத்த எனக்கு அவ்வாதம் நன்கு விளங்கிற்று.

என் பேரனுக்கு நான் சொன்ன விடை இதுதான். “தம்பி, மூன்று கேள்விகளையும் தலைகீழாகக் கேள். முதலில் பொருத்தம்: உன் ரிம்மில் எழுதியிருக்கும் எண்ணைப் படி, அதற்கு ஏற்ற அகலமும் அழுத்தமும் எவை என்று பார். பொருந்தாத டயரின் வேகம் உன்னை மருத்துவமனைக்கே விரைவாகக் கொண்டு சேர்க்கும். அடுத்து உழைப்பு: நீ ஓடும் சாலை எது? பந்தயத்துக்கு மெல்லியதும், நெருஞ்சி விளையும் நம் பக்கத்துக்குக் காப்புப் பட்டை உள்ளதும் ஏற்றவை. பாலைப் புதுப்பிக்கவும், ஏறாத டயரைக் கம்ப்ரசர் காற்றால் ஏற்றவும் வசதி இல்லாத ஊரில் பழைய டியூபே நல்ல தோழன். வேகத்தைக் கடைசியில் கேள். நீ விரைந்தோடும்போது உன்னைப் பெரிதும் தடுப்பது எதிர்க்காற்று. டயர் அதற்கு அடுத்ததுதான்.” அவன் ரிம்மைத் துடைத்து எண்ணைப் படித்தான். கடையில் காட்டிய நான்கில் இரண்டு அப்போதே தள்ளுபடியாயின.

2001-2002ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் பள்ளி மாணவியர்க்கு இலவசச் சைக்கிள் தரத் தொடங்கி, 2005-2006 முதல் அத்திட்டம் விரிவடைந்தது. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது அவற்றை வழங்கும் நாளில் பேச்சைச் சுருக்கிக்கொண்டு, டயரின் பக்கவாட்டு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுத்தேன். ஒரு மாணவி மறுவாரம் வந்து, கடையில் தந்த மாற்று டயரை எண் பார்த்துத் திருப்பிக் கொடுத்ததாகச் சொன்னாள். அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

மாணவச் செல்வங்களே, நாளை உங்கள் சைக்கிளின் அருகே ஒரு நிமிடம் குனிந்து அந்த எண்ணைப் படியுங்கள். தாம்சன் கண்ட காற்றும், டன்லப்பின் முற்றமும், மிஷலின் தூவிய ஆணியும், நம்மவர் வடித்த பாலும் அந்தச் சிறு வட்டத்துக்குள் இருக்கின்றன. உங்களுள் எவரேனும் ஒருநாள் ஆசிரியராகி, தாமதமாக வந்த மாணவன் ஒருவன் நம்ப முடியாத காரணம் ஒன்றைச் சொன்னால், வெளியே நிற்கச் சொல்லுமுன் அவன் சைக்கிளை ஒருமுறை சென்று பாருங்கள்.